லினக்ஸ் போட்டதும் வைஃபை காணவில்லை: டாங்கிளைத் தூக்கி எறிவதற்கு முன்

டெல்டா மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில், மாடி வீட்டின் முன்னறையிலேயே தட்டச்சும் டி.டி.பி. வேலையும் செய்து கொடுக்கும் ஒரு வாசகியின் கடிதம் இது. அவருடைய டெஸ்க்டாப்பில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசசர். ஆகவே விண்டோஸ் 11-க்கு மாற வழியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், பொங்கலுக்கு வந்த அக்காள் மகன் தன் பென்டிரைவில் வைத்திருந்த, லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 21-ஐ நிறுவிக் கொடுத்திருக்கிறார். சி டிரைவில் இருந்த விண்டோஸ் அழிந்தது; எட்டு வருட வேலைக் கோப்புகள் உள்ள டி டிரைவ் அப்படியே இருக்கிறது. நிறுவி முடித்தபோது வைஃபை வரவில்லை. பையனுக்கோ இரவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ரவுட்டர் கீழ்வீட்டில், வீட்டு உரிமையாளர் பகுதியில் இருக்கிறது. மாடிக்கு லேன் கேபிள் இழுக்க முடியாது. 2022-இல் இணையத்தில் வாங்கிய டாங்கிள், அதாவது யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வைஃபை கருவிதான் இத்தனை நாள் வைஃபைக்குக் கை கொடுத்தது. இப்போது திரையின் மூலையில் உள்ள நெட்வொர்க் சின்னத்தை அழுத்தினால் கம்பி இணைப்பைப் பற்றிய வரி மட்டும் வருகிறது. வைஃபை என்ற பகுதியே இல்லை. டாங்கிளோடு வந்த குறுந்தகட்டின் இ.எக்ஸ்.இ. கோப்பை ஒயின் என்ற மென்பொருள் மூலம் ஓட்டிப் பார்த்திருக்கிறார், பயனில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னபடி டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) நிறுவும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, தோழியின் கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டியிருக்கிறார். அது சிவப்பு எழுத்துகளில் பிழை காட்டி நின்றுவிட்டது. பக்கத்துக் கடைக்காரர், "லினக்ஸில் வைஃபை எல்லாம் வராதும்மா, எண்ணூறு ரூபாய் கொடுங்கள், பழையபடி விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்கிறார். டாங்கிள் செத்துவிட்டதா, டி டிரைவ் பிழைக்குமா, பெட்டியில் 'லினக்ஸ்' என்று அச்சிட்டு விற்றவரிடம் பணம் கேட்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். அக்காள் மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஒரு கட்டளையை அடித்து, வந்த திரையைக் கைபேசியில் படம் பிடித்தும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் படத்துக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தப் பகுதிக்கு வரும் வைஃபைக் கடிதங்களில் பாதிக்கும் மேல் 'வரவில்லை' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றன. எந்தச் சிப், எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதி, பதில் வந்து சேர்வதற்குள் அவர்கள் கணினியையே மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு வரி போதுமான அளவு பேசுகிறது. கடிதத்தின் கடைசிப் பத்தியில், முக்கியமில்லை என்று நினைத்து நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வாக்கியம் மீதியைச் சொல்லிவிடுகிறது: "டாங்கிளைச் செருகினால் டெஸ்க்டாப்பில் ஒரு சிடி சின்னம் மட்டும் வந்து நிற்கிறது."

உங்கள் டாங்கிள் சாகவில்லை. அது தன்னை ஒரு சிடி என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது.

சிடி வேடம்

இது பழுதல்ல, தயாரிப்பாளர்கள் தெரிந்தே செய்யும் ஏற்பாடு. விண்டோஸ் பயனாளர்களுக்காக டிரைவரைத் தனித் தகட்டில் கொடுப்பதற்குப் பதிலாகவோ, அதோடு கூடுதலாகவோ, டாங்கிளுக்குள்ளேயே ஒரு சிறு நினைவகத்தை வைத்து அதில் டிரைவரைப் போட்டுவிடுகிறார்கள். செருகியவுடன் டாங்கிள் முதலில் ஒரு சிடி டிரைவாக அறிமுகமாகும். விண்டோஸில் அந்தச் 'சிடி'யிலிருந்து டிரைவரை நிறுவியதும், அந்த டிரைவர் டாங்கிளுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அதன் பிறகே அது வேடத்தைக் கலைத்து வைஃபை கருவியாக மறு அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோஸில் இத்தனை நாள் இது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் நடந்தது. லினக்ஸில் அந்தச் சமிக்ஞையை அனுப்ப ஆள் இல்லாததால், டாங்கிள் சிடியாகவே உட்கார்ந்திருக்கிறது. டாங்கிளின் விளக்கு எரியாததை வைத்து அது செத்துவிட்டது என்று நீங்கள் முடிவு கட்டியது இயல்புதான். ஆனால் வைஃபை பகுதி விழித்தெழாதவரை அந்த விளக்குக்கு எரிய வேலையில்லை.

படத்தில் உள்ள வரிக்கு வருகிறேன். யு.எஸ்.பி.யில் செருகப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் நான்கு நான்கு எழுத்துகளில் இரண்டு எண்கள் உண்டு; முன்னது தயாரிப்பாளரையும் பின்னது கருவியையும் குறிக்கும். உங்கள் வரியில் முன் எண் '0பிடிஏ', அதாவது ரியல்டெக். பின் எண் '1ஏ2பி'. இந்தப் பின் எண் வைஃபைக்கு உரியதல்ல. ரியல்டெக் டாங்கிள்கள் சிடி வேடத்தில் இருக்கும்போது காட்டும் எண். வேடம் கலைந்த பிறகு அதே வரியில் வேறு எண் வரும். உங்கள் பெட்டியில் '600 எம்.பி.பி.எஸ்., இரு அலைவரிசை' என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் (5 கிகாஹெர்ட்ஸில் 433-ஐயும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 150-ஐயும் கூட்டி, அறுநூறு என்று உருட்டிச் சொல்வது இந்த வியாபாரத்தின் வழக்கம், அந்த வேகம் ஒருநாளும் உங்கள் கைக்கு வராது). ஆகவே உள்ளே இருப்பது அநேகமாக 8811சியு என்ற சிப். அப்படியானால் புதிய எண் '0பிடிஏ' என்பதற்குப் பிறகு 'சி811' என்று வரும்.

வேடத்தைக் கலைக்கக் கட்டளை எதுவும் தேவையில்லை. டெஸ்க்டாப்பில் தோன்றும் அந்தச் சிடி சின்னத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'எஜெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டாங்கிளைக் கையால் பிடுங்க வேண்டாம். சில விநாடிகளில் சின்னம் மறையும். இப்போது அக்காள் மகன் சொன்ன அதே கட்டளையை, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்பதை, மறுபடியும் அடித்துப் பாருங்கள். பின் எண் மாறியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

பாதிதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எண் மாறிய பிறகும் வைஃபை பட்டியல் வராமல் போக வாய்ப்பு அதிகம். அதற்குக் காரணம் வேறு.

டிரைவர் தகட்டில் இல்லை, கெர்னலில் இருக்கிறது

விண்டோஸில் பழகியவர்கள் எல்லோரும் செய்யும் பிழையைத்தான் நீங்களும் செய்தீர்கள்: கருவி வேலை செய்யவில்லை என்றால் டிரைவரைத் தேடி இறக்க வேண்டும் என்ற எண்ணம். லினக்ஸில் டிரைவர்களில் பெரும்பகுதி இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. எனவே 'இந்த டாங்கிளுக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்' என்று தேடுவதைவிட, 'என் கெர்னலின் வயது இந்தச் சிப்புக்குப் போதுமா' என்று பார்ப்பதே இங்கு பலன் தரும்.

8811சியு சிப்புக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலின் 6.2 பதிப்பில்தான் சேர்ந்தது. லினக்ஸ் மின்ட் 21 வெளிவந்தது 2022 ஜூலையில். அதோடு வந்த கெர்னல் 5.15. உங்கள் அக்காள் மகனின் பென்டிரைவில் இருந்தது அந்தப் பதிப்பு என்பதால், வேடம் கலைந்து டாங்கிள் தன் உண்மைப் பெயரைச் சொன்னாலும், அந்தப் பெயரை அறிந்த டிரைவர் உங்கள் கணினிக்குள் இருக்காது. பையன் மேல் தவறு சொல்ல மாட்டேன். நல்ல பதிப்புதான், உங்கள் டாங்கிளுக்குச் சற்றே முந்திப் பிறந்துவிட்டது. மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபோ' என்பதைத் திறந்தால் கெர்னல் எண் தெரியும், 5.15 என்று தொடங்கினால் என் ஊகம் சரி.

ஒயின் பற்றியும் ஒரு வார்த்தை. அது விண்டோஸுக்காக எழுதிய பயன்பாட்டு மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும்; ஆனால் டிரைவர் என்பது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் கெர்னல் மட்டத்துப் பொருள், அந்த மட்டத்தை ஒயின் எட்டவே எட்டாது. 'நிறுவப்பட்டது' என்று திரையில் வந்தது உண்மையாக இருக்கலாம். லினக்ஸுக்குள் இருக்கும் ஒரு போலி சி டிரைவ் ஃபோல்டரில் சில கோப்புகள் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் தீங்கு ஏதும் இல்லை.

ரியல்டெக் சிப்களுக்கு லினக்ஸில் இன்று இவ்வளவாவது ஆதரவு இருப்பதற்கு, நிறுவனத்தின் பொறியாளர்களோடு, சம்பளம் எதிர்பாராமல் உழைத்தவர்களும் காரணம். 2024 ஜூனில் மறைந்த லாரி ஃபிங்கர் அவர்களில் ஒருவர்; பிராட்காம் சிப்களில் தொடங்கி ரியல்டெக் வரை ஆண்டுக்கணக்கில் இந்த டிரைவர்களைக் கவனித்து வந்தார்.

முதலில் இணையம்: கைபேசி வழியாக

புதிய கெர்னலை இறக்க இணையம் வேண்டும். இணையம் வருவதற்குப் புதிய கெர்னல் வேண்டும். இந்தச் சிக்கலில் பலர் மலைத்து நின்றுவிடுகிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியே இதை அவிழ்த்துவிடும். கைபேசியைச் சார்ஜர் கேபிளால் கணினியோடு இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் பகுதிக்குப் போய் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் வேண்டாம்.

பெரும்பாலோர் அறியாத வசதி ஒன்று இதில் உண்டு. கைபேசி அந்த நேரத்தில் கீழ்வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால், டெதரிங் வழியாகக் கணினிக்குப் போவதும் அந்த வைஃபை இணையமே. உங்கள் மொபைல் டேட்டா குறையாது. இறக்க வேண்டியவை சில நூறு எம்.பி. வரை போகும் என்பதால் இது கவனிக்க வேண்டியது. உண்மையில், இன்று மாலை அவசரமாக ஒரு வேலையை அனுப்ப வேண்டும் என்றால், மற்ற எதையும் தொடாமல் இதை மட்டும் செய்தே அனுப்பிவிடலாம்.

டெதரிங் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும், தகவல் கடத்தாத மலிவு கேபிள்கள் நம் வீடுகளில் நிறையக் கிடக்கின்றன.

செய்ய வேண்டிய வரிசை

இணையம் வந்ததும் 'அப்டேட் மேனேஜர்' என்பதைத் திறந்து, முதலில் 'ரிஃப்ரெஷ்' செய்து, காட்டும் அப்டேட்டுகளை எல்லாம் நிறுவுங்கள். இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஏனென்றால் வைஃபை சிப்புக்கு டிரைவர் மட்டும் போதாது, சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற தனிக் கோப்பும் வேண்டும், அது இந்த அப்டேட்டுகளில் ஒரு தொகுப்பாக வருகிறது. டிரைவர் இருந்து ஃபர்ம்வேர் இல்லாவிட்டாலும் வைஃபை பட்டியல் வராது.

பிறகு அதே அப்டேட் மேனேஜரில் 'வியூ' மெனுவின் கீழ் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் ஓர் எச்சரிக்கை வரும், பயப்படாமல் தொடருங்கள். இடப்பக்கப் பட்டியலில் 6.8 என்ற வரிசையைத் தேர்ந்து, அதில் மிகப் புதிய பதிப்பை நிறுவுங்கள். முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்து, சிஸ்டம் இன்ஃபோவில் எண் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, டாங்கிளைச் செருகி, சிடி சின்னம் வந்தால் முன்போல எஜெக்ட் செய்யுங்கள். என் கணிப்பு சரியானால், மூலையில் உள்ள சின்னத்தில் கீழ்வீட்டு வைஃபையின் பெயர் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இதில் உள்ள இடர் சிறியது. பழைய கெர்னல் அழிவதில்லை. புதியதில் திரை வராமல் போனாலோ வேறு தொல்லை வந்தாலோ, கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைப் பிடித்தால் வரும் மெனுவில், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதன் கீழ் 5.15 காத்திருக்கும். உங்கள் கோப்புகளை இந்த வேலை எந்த விதத்திலும் தொடாது.

ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் எஜெக்ட் செய்ய வேண்டியிருந்தால் அது சலிப்பு தரும். 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சிறு கருவி, இந்த எண் கொண்ட டாங்கிள் செருகப்பட்டால் உடனே வேடத்தைக் கலைத்துவிடு என்று ஒருவரி விதி எழுதிவைத்தால், தானாகவே பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை மட்டும் அக்காள் மகனிடம் விட்டுவிடுங்கள். கைபேசியில் படித்து எழுத்துப் பிசகாமல் அடிக்கும் வேலை அது. அவர் வந்தால் ஐந்து நிமிடம்.

அந்த ஸ்கிரிப்டைப் பற்றி

இங்கேதான் நான் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 'சுடோ' என்று தொடங்கும் கட்டளைக்கு நீங்கள் கடவுச்சொல் கொடுக்கும்போது, அந்த ஸ்கிரிப்டை எழுதியவருக்கு உங்கள் கணினியின் முழுச் சாவிக்கொத்தையும் கொடுக்கிறீர்கள். யார் எழுதியது, எந்தக் கெர்னலுக்கு எழுதியது என்று தெரியாமல் ஓட்டுவது தவறு. வீடியோவில் வேலை செய்ததே என்று கேட்பீர்கள்; அந்த வீடியோக்காரருடைய சிப் 8811ஏயு. உங்களுடையது, என் ஊகப்படி, 8811சியு. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வெவ்வேறு சிப், வெவ்வேறு டிரைவர். ஏயு வகைக்கான டிரைவர் கெர்னலுக்குள் வந்ததே 6.14 பதிப்பில்தான். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் நாள் முழுக்க அல்லாடியவர்கள் நிறையப் பேர். அதில் தொழில் தெரிந்தவர்களும் உண்டு.

ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது உங்கள் நல்ல காலம். ஆனாலும் ஒரு தடயத்தை மட்டும் பார்த்துவிட வேண்டும். இத்தகைய வெளி டிரைவர்கள், தாங்கள் கெர்னலின் சொந்த டிரைவரோடு மோதாமல் இருக்க, அந்தச் சொந்த டிரைவரை ஏற்றாதே என்று ஒரு தடைக்கோப்பை எழுதிவைப்பதுண்டு. அது மிச்சம் இருந்தால், நீங்கள் 6.8 கெர்னலை நிறுவிய பிறகும் வைஃபை வராது, காரணமும் விளங்காது. கோப்பு உலாவியில் 'ஃபைல் சிஸ்டம்' என்பதைத் திறந்து, 'இடிசி' ஃபோல்டருக்குள் 'மோட்ப்ரோப்.டி' என்பதைப் பாருங்கள். பெயரில் 8811 அல்லது 8821 என்ற எண் தாங்கிய கோப்பு இருந்தால், அதை நீங்களே நீக்காமல் ஒரு படம் எடுத்து அக்காள் மகனுக்கு அனுப்புங்கள். 'பிளாக்லிஸ்ட்' என்று பெயர் தொடங்கும் கோப்புகள் சில அங்கே ஏற்கெனவே இருக்கும். அவை மின்ட்டோடு வந்தவை, கை வைக்க வேண்டாம்.

வெளி டிரைவரை முறையாகவே நிறுவினாலும் அதற்கு இரண்டு செலவுகள் உண்டு. ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அதை மறுபடி உருவாக்கியாக வேண்டும். அது தானாக நடக்கும்படி அமைத்திருந்தாலும் ஒருநாள் பிசகும், அந்த நாள் பெரும்பாலும் உங்களுக்கு வேலை நெருக்கும் நாளாக இருக்கும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' பயோஸில் இயக்கத்தில் இருந்தால், கையொப்பமில்லாத அந்த டிரைவரைக் கெர்னல் ஏற்க மறுத்துவிடும். மின்ட்டின் சொந்தக் கெர்னலோடு வரும் டிரைவருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆகவே 6.8 கெர்னலில் வேலை ஆகிறதா என்று பார்க்காமல் வெளி டிரைவர் பக்கம் திரும்பவே வேண்டாம்.

எண் மாறியும் பட்டியல் வரவில்லை என்றால்

வேறு இடங்களிலும் தடை இருக்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்தால் வைஃபை மென்பொருளாலோ பொத்தானாலோ அடைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். டெஸ்க்டாப்பில் இது அபூர்வம், மடிக்கணினிக்காரர்களின் கவலை. ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றால் கெர்னலின் பதிவேட்டில் 'பிழை மைனஸ் 2' என்று ஒரு வரி நிற்கும். கோப்பு இல்லை என்பது அதன் பொருள், அப்டேட்டுகளை முழுமையாக நிறுவாததன் விளைவு.

வைஃபை பட்டியல் வந்து, உங்கள் ரவுட்டரின் பெயர் மட்டும் வரவில்லை என்றால் அது டிரைவர் சிக்கலே அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகத்தில் இப்படித்தான் டிரைவர், கெர்னல், ஃபர்ம்வேர் என்று மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம் போராடினேன். தேநீர் கொண்டுவந்த பையன் கணினியின் பின்புறத்தைக் காட்டி, "இந்தக் கம்பி எல்லாம் கவரிலேயே இருக்கே சார்" என்றான். வைஃபை கார்டின் இரண்டு ஆன்டெனாக்களும் திருகப்படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தன.

உங்கள் டாங்கிளுக்கு ஆன்டெனா உள்ளேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் அதை இரும்புப் பெட்டியின் பின்புறம், சுவரை ஒட்டிச் செருகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கீழ்வீட்டு அலை கான்கிரீட் தளத்தைக் கடந்து, பிறகு அந்த இரும்பையும் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. நீல நிற யு.எஸ்.பி. 3 துளைகளின் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் என்பதும் 2012-லிருந்தே இன்டெல் எழுதிவைத்திருக்கும் செய்தி. ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் வாங்கி, கறுப்புத் துளையில் செருகி, டாங்கிளை மேசை மேல் ஜன்னல் பக்கமாக வையுங்கள். கான்கிரீட் தளத்தைக் கடக்க 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 நல்லது, ரவுட்டர் இரண்டு பெயர்களைக் காட்டினால் 2.4-க்குரிய பெயரில் இணையுங்கள்.

கடைக்காரரும் டி டிரைவும்

லினக்ஸில் வைஃபை வராது என்பது தவறு. உங்கள் ஊரில் உள்ள ஆண்ட்ராய்டு கைபேசிகள் அத்தனையும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகின்றன. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமாக இருக்கலாம். ஆனாலும் விண்டோஸ் 10-க்குத் திரும்புவது, பூட்டு பழுதான கதவுள்ள வீட்டுக்குத் திரும்பிக் குடிபோவது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிப்பும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். எண்ணூறு ரூபாய்க்குப் போடப்படும் பிரதிக்கு உரிமம் உண்டா என்பதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது டி டிரைவ். இப்போது அது பத்திரமாக இருக்கிறது, மின்ட்டிலிருந்தே திறக்கவும் முடிகிறது என்கிறீர்கள். 'பழையபடி' போடும்போது ஒரே ஒரு தவறான சொடுக்கில் அந்தப் பகுதி அழியக்கூடும். அப்படி அழிந்த கணினிகள் என்னிடமே வந்திருக்கின்றன. கடைக்குக் கொடுத்தாலும், வீட்டிலேயே நான் சொன்னதைச் செய்தாலும், அதற்கு முன் கோப்புகளை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். எட்டு வருட வேலை ஒரே தட்டில் இருப்பது, வைஃபை வந்தாலும் வராவிட்டாலும், சரியல்ல.

பணம் திரும்பக் கேட்கலாமா

நான் வழக்கறிஞன் அல்ல. தெரிந்த அளவு சொல்கிறேன். பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டுவிட்டு, எந்த லினக்ஸிலும் வேலை செய்யாத பொருளை விற்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேள்வி கேட்க இடமுண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதல் புகாரைச் சொல்லலாம். வழக்கென்று போனால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு தடைகள் தெரிகின்றன. புகாருக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு வரம்பு உண்டு. நீங்கள் வாங்கியது 2022. அதோடு, இத்தகைய பெட்டிகளில் லினக்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிற்றெழுத்தில் ஒரு கெர்னல் எண் வரம்பு அச்சாகியிருக்கும். விற்றவர் அதைக் காட்டி நழுவிவிடுவார். டாங்கிளோ நல்ல நிலையில் இருக்கிறது. இதற்காக அலைவதைவிட, அந்த நேரத்தில் இரண்டு தட்டச்சு வேலைகளை முடித்துவிடலாம் என்பது என் கருத்து.

இவை எதுவும் பலிக்காவிட்டால்

டாங்கிளை மாற்றுவதற்கு முன் மின்ட் 22-ஐ ஒரு பென்டிரைவில் போட்டுச் சோதித்துப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று ஜி.பி. கோப்பு, உங்கள் மின்ட்டிலேயே உள்ள 'யுஎஸ்பி இமேஜ் ரைட்டர்' அதை எழுதிவிடும், ஆனால் அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும். அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், நிறுவாமலேயே முழு மின்ட்டும் நினைவகத்தில் ஓடும். 'இன்ஸ்டால்' என்ற சின்னத்தைத் தொடாதவரை உங்கள் வட்டில் ஒன்றும் மாறாது. அங்கே வைஃபை வந்தால் புதிய பதிப்பை நிறுவும் முடிவை நிதானமாக எடுக்கலாம். மின்ட் 21-க்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு இருப்பதால் அவசரம் இல்லை.

வீட்டில் பழைய ரவுட்டர் ஏதாவது கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுங்கள். பல ரவுட்டர்களில் ரிப்பீட்டர் அல்லது கிளையன்ட் என்றொரு முறை உண்டு. கீழ்வீட்டு வைஃபையை அது பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து உங்கள் கணினிக்கு ஒரு அடி லேன் கேபிள் போதும். இயங்குதளம் எதுவானாலும் இந்த வழி வேலை செய்யும். டிரைவர் பேச்சே எழாது.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், சிப்பின் பெயரைக் கேளுங்கள். ஒரே பெயர், ஒரே பெட்டி, உள்ளே வேறு சிப் என்பது இந்தச் சந்தையில் சகஜம். டிபி-லிங்க் டபிள்யு.என்.722என் என்ற டாங்கிளின் முதல் பதிப்பில் லினக்ஸோடு மிக நன்றாகப் பழகும் ஏதெராஸ் சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பழைய புகழ்ச்சியைப் படித்துப் புதிய பதிப்பை வாங்கி ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. யு.எஸ்.பி.யில் மீடியாடெக் 7612யு சிப் கொண்டவற்றுக்கு 4.19 கெர்னலிலிருந்தே டிரைவர் உள்ளது, உங்கள் 5.15-இலும் செருகியவுடன் வேலை செய்யும். கணினியைத் திறக்க ஆள் இருந்தால், மதர்போர்டின் சிறு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையில் பொருத்தும் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு எனக்குப் பிடித்த தேர்வு, 5.10-லிருந்து ஆதரவு உண்டு. ஏஎக்ஸ்211 என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். ஓர் எண்தான் கூடுதல். ஆனால் அது குறிப்பிட்ட சில புதிய இன்டெல் மதர்போர்டுகளோடு மட்டுமே சேரும், உங்களுடையதில் உயிரே வராது.

ஆனால் இதையெல்லாம் இன்று வாங்க வேண்டாம். முதலில் அந்தச் சிடி சின்னத்தை எஜெக்ட் செய்துவிட்டு, மாறிய எண்ணின் படத்தை எனக்கு அனுப்புங்கள். அது சி811 அல்லாமல் வேறாக இருந்தால், மேலே சொன்ன கெர்னல் கணக்கை நான் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.